பழைய கேம்பர் வேனில் கிளட்ச் கோளாறு: மலைப் பயணத்துக்கு முன் கண்டுபிடிப்பது எப்படி?

பெங்களூரில் பழைய டெம்போ டிராவலரையோ ஆம்னியையோ வாங்கி, உள்ளே கட்டில், தண்ணீர் டேங்க், பேட்டரி எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றியவர்களில் பலர் முதல் மலை ஏற்றத்தில்தான், எஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் கிளட்சைப் பற்றி யோசிக்கிறார்கள். அதுவரை வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கும். காலி வண்டி, சமதளம், மெதுவான வேகம் இருந்தால் தேய்ந்த கிளட்சும் புது கிளட்ச் போலவே நடந்துகொள்ளும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. "பிளேட் போயிருச்சு சார்" என்று யாரோ சொன்னதும் கியர் பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். கிளட்ச் செட்டையே மாற்றிய பிறகும் பழைய கோளாறு அப்படியே இருக்கிறது. காரணம் ஒரு கேபிள், அல்லது நூறு ரூபாய்ச் சாமானான ரப்பர் சீல். அதனால் சோதனைகளை வெளியே இருந்து உள்ளே போகும் வரிசையில் செய்யுங்கள். கையால் தொட்டுப் பார்க்க முடிவதை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கியர் பாக்ஸைப் பற்றிப் பேச வேண்டும்.

1. எப்போது தொடங்குவது, என்னென்ன வேண்டும்

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். கோளாறு தெரிந்தால் சாமான் தேட ஒரு வாரம் போகும். மாற்றிய பிறகு புது பிளேட் படிந்து உட்காரச் சில நூறு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டியாக வேண்டும். கிளம்பும் முந்தின நாள் கோளாறு தெரிந்தால் உங்களால் எதுவும் செய்ய முடியாது.

தேவையானவை: டார்ச், 30 செ.மீ. ஸ்கேல், சக்கரங்களுக்கு அடைக் கொடுக்க நான்கு கட்டைகள், அடியில் விரிக்க ஒரு பெரிய அட்டை, பழைய துணி, பெடல் மிதிக்க ஒரு ஆள். வண்டிக்கு அடியில் படுப்பதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். அடுக்குமாடி பேஸ்மென்ட்டில் தரை சரிவாக இருக்கும். சமமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

ஓட்டிப் பார்க்கும் சோதனைகளுக்கு வண்டியில் முழுச் சுமை இருக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஒரு 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி மட்டுமே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். கட்டில், அடுப்பு, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு கிளட்ச் இழுக்கும் எடையே வேறு. டேங்கை நிரப்புங்கள், பயணத்துக்கு வரும் ஆட்களையே ஏற்றிக்கொள்ளுங்கள்.

2. உங்கள் வண்டி கேபிளா, ஆயிலா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். ஒரே அறிகுறிக்கு இரண்டு வகையிலும் அர்த்தம் வேறு. ஆம்னி கேபிள் வகை. டிராவலர் ஆயில் வகை, அதாவது ஹைட்ராலிக். உங்கள் வண்டி எது என்று தெரியவில்லையா? கியர் பாக்ஸின் பக்கவாட்டில், பெடலை மிதித்தால் அசையும் நெம்புகோலான ரிலீஸ் ஃபோர்க்கைப் பாருங்கள். அதை ஒரு முறுக்குக் கம்பி இழுத்தால் கேபிள். ஒரு சின்ன சிலிண்டர் தள்ளினால் ஆயில்.

3. எஞ்சினை அணைத்து வைத்துப் பெடலைப் பாருங்கள்

முதலில் கையால் பெடலை மெதுவாக அழுத்துங்கள். ஆரம்பத்தில் சும்மா இறங்கும், பிறகு ஒரு இடத்தில் தடை தட்டுப்படும். அந்தச் சும்மா இறங்கும் தூரம்தான் ஃப்ரீ ப்ளே. காலால் மிதித்தால் அந்த மென்மையான தடை தெரியாது, அதனால்தான் கை. ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபிள் வண்டிகளில் இது பொதுவாக 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் வண்டிகளில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அப்புறம் பெடலை முழுவதும் மிதித்து, அடியில் மேட் தடுக்கிறதா என்று பாருங்கள். கேம்பராக மாற்றும்போது தரையில் தடிமனான ரப்பர் மேட், அதன் மேல் கார்பெட் என்று போட்டுவிடுகிறார்கள். பெடல் ஒரு அங்குலம் குறைவாக இறங்கினாலும் கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரவென்று சத்தம் போடும். மேட்டை எடுத்துவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். கோளாறு அதோடு தீர்ந்துவிடலாம்.

4. கேபிள் வண்டியில் பார்க்க வேண்டியவை

பெடலில் ஃப்ரீ ப்ளே அறவே இல்லை என்றால், ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை எஞ்சினோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களில் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். நீங்கள் பெடலில் கால் வைக்காதபோதும் கிளட்ச் பாதி மிதித்த நிலையில்தான் இருக்கும். பிளேட் நன்றாக இருந்தாலும் ஸ்லிப் ஆகும், அதாவது எஞ்சின் சுற்றும், பிளேட் வழுக்கும். ஆகவே ஸ்லிப் ஆகிறது என்று யார் சொன்னாலும் முதலில் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைத் திருப்பி ஃப்ரீ ப்ளேயைச் சரிசெய்யுங்கள். மற்ற முடிவுகள் அதற்குப் பிறகுதான்.

நட்டைத் திருப்பும்போது மரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். கேபிள் வகையில் பிளேட் தேயத் தேய ஃப்ரீ ப்ளே குறைந்துகொண்டே வரும், நட்டைத் தளர்த்திக்கொண்டே வருவார்கள். தளர்த்துவதற்கு இனி இடமே இல்லை என்ற நிலையில் நட்டு நின்றால், பிளேட் தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது.

பெடல் இரும்பு மாதிரி கடினமாக இருந்தால் கேபிளை ஃபோர்க் முனையில் கழற்றிவிட்டு, பெடலைக் கையால் அழுத்துங்கள். இப்போதும் கடினமாக இருந்தால் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது, அல்லது அது போகும் வழியில் எங்கோ மடங்கியிருக்கிறது. லேசாகிவிட்டால் கோளாறு ஃபோர்க்கிலோ பிரஷர் பிளேட்டிலோ இருக்கிறது.

கடைசியாக, டார்ச்சை அடித்து கேபிளின் இரண்டு முனைகளையும் பாருங்கள். முறுக்கில் ஒரே ஒரு இழை பிரிந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். மீதி இழைகள் ஊருக்குள் தாங்கலாம், 20 கொண்டை ஊசி வளைவு உள்ள ஏற்காடு சாலையில் தாங்கும் என்று நம்ப முடியாது.

5. ஆயில் வண்டியில் பார்க்க வேண்டியவை

முதலில் டப்பாவில் உள்ள ஆயில் அளவு. கிளட்ச் ஆயில் என்று நாம் சொல்வது பிரேக் ஆயிலைத்தான். டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது டப்பா மூடியிலேயே இருக்கும். இங்கே பலர் குழம்புகிறார்கள். பிரேக் பேட் தேய்ந்தால் டப்பாவில் அளவு குறையும், அது இயல்பு. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் அளவு குறையாது. ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால் அளவு இம்மியளவு ஏறவே செய்யும். ஆகவே கிளட்சுக்கென்று தனி டப்பா இருந்து அதில் அளவு குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துபோனால் அந்த ஒழுகல் மலையில்தான் பெரிதாகும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அங்கே இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

ஒழுகல் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர். பெடலுக்குப் பின்னால், கம்பி உள்ளே நுழையும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். கீழே மேட்டைத் தூக்கினால் பெயின்ட் உப்பி உரிந்திருப்பது தெரியும். பிரேக் ஆயில் பெயின்டை அரித்துவிடும்.

இரண்டாவது ஸ்லேவ் சிலிண்டர். அதன் முனையில் ஒரு ரப்பர் குல்லாய் இருக்கும். வெளியே பார்த்தால் வெறும் புழுதிதான். விரலால் அதன் ஓரத்தை மெதுவாக விலக்குங்கள். உள்மடிப்பில் ஈரம் நிற்கும், சில நேரம் ஒரு சொட்டு வழிந்து விரலில் இறங்கும். அது பழுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. வெளியே ஒழுகல் இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் குல்லாயை விலக்கிப் பார்க்காதவர்கள்.

அடுத்து, பெடலை வேகமாக ஐந்தாறு முறை மிதியுங்கள். முதலில் பஞ்சு மாதிரி இருந்த பெடல் மிதிக்க மிதிக்கக் கெட்டியானால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுத்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால் சரியாகும். ஆனால் காற்று தானாக வராது. வந்த வழியை அடைக்காவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி வந்து நிற்கும்.

ஒழுகலே இல்லாமல் கிளட்ச் கைவிடும் வகை ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்தால் ஆயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க, முன்னால் ஆளில்லாத சமதளத்தில் எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து முதல் கியர் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, வலது காலை பிரேக்குக்கு மேல் தயாராக வைத்தபடி இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். பெடல் அசையாதபோதே வண்டி மெல்ல நகரத் தொடங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. சிக்னலில் நிற்கும்போது வண்டி முன்னால் இழுப்பதாகச் சிலர் சொல்வார்களே, அது பெரும்பாலும் இதுதான்.

இந்தச் சோதனையைச் சூடான வண்டியில் இன்னொரு முறை செய்யுங்கள். மாலை நேரத்தில் சில்க் போர்டில் இருந்து பொம்மனஹள்ளி வரை ஓசூர் ரோட்டில் ஊர்ந்து வந்தாலே போதுமான சூடு ஏறிவிடும். காலையில் தேறிய வண்டி மாலையில் தேறாமல் போவது உண்டு.

பெடலில் சில மில்லிமீட்டர்கூட ஃப்ரீ ப்ளே இல்லாத ஆயில் வண்டியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பாததால், சூட்டில் விரிந்த ஆயிலுக்கு டப்பாவுக்குத் திரும்ப வழி இருக்காது. அந்த அழுத்தமே கிளட்சை மெல்ல மெல்ல மிதித்துவிடும். ஓட ஓட ஸ்லிப் ஆகி, ஆறினால் சரியாகும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

6. கிளட்ச் முழுதாக விடுகிறதா?

எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது, கிளட்சை மிதித்து அதே மாதிரி போடுங்கள். அணைத்திருக்கும்போது லேசாகவும் ஓடும்போது கடினமாகவும் விழுந்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ஒரு கியர் மட்டும் முரண்டு பிடித்தால் அது கியர் பற்கள் உரசாமல் விழ உதவும் சின்க்ரோவின் கோளாறு. அதற்குக் கிளட்சை மாற்றிப் பயனில்லை.

உறுதிசெய்ய ரிவர்ஸ் உதவும். பழைய கியர் பாக்ஸ்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. கிளட்சை மிதித்து, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் கியர் பாக்ஸ் உள்ளே எல்லாம் நின்றிருக்க வேண்டும். அப்போதும் கரகரவென்றால், எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலில் இருந்து பிளேட் முழுதாகப் பிரியவில்லை. படி 4, 5-க்குத் திரும்பிப் போங்கள்.

மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெடல் நன்றாக இருக்கும், கியர் மட்டும் விழவே விழாது. நெரிசலான பார்க்கிங்கில் கியரில் போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம், வண்டி பாய்ந்துவிடும். விஷயம் தெரிந்த மெக்கானிக்கைத் திறந்த இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

7. கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறதா?

முன்பக்கம் எட்டடியாவது காலியாக இருக்கட்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி கிளட்ச் பெடலில் இருந்து காலை எடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே கிளட்சை மிதித்துவிடுங்கள். இதை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், ஒவ்வொரு தடவையும் பிளேட் கருகும்.

இதில் தேறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. மிக மோசமான ஸ்லிப்பை மட்டும்தான் இந்தச் சோதனை பிடிக்கும். உண்மையான சோதனை சாலையில்தான். விடிகாலையில், பின்னால் வண்டி வராத ஒரு ஏற்றத்தில், முழுச் சுமையோடு, எஞ்சின் சூடான பிறகு, நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். பெரிய கியரில் கிளட்சின் மேல் பளு அதிகம் என்பதால்தான் நான்காம் கியர். எஞ்சின் சத்தம் விர்ரென்று ஏறி, வேகமுள் அங்கேயே நின்றால் ஸ்லிப். சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் வண்டி முனகினால் எஞ்சினுக்குத்தான் பலமில்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

இந்த வித்தியாசம் தெரியாமல் கிளட்சைக் குறை சொல்பவர்கள் அதிகம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே சுமார் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அது கிளட்சின் குற்றம் இல்லை.

ஸ்லிப் உறுதியானால், கியர் பாக்ஸும் எஞ்சினும் சேரும் உறையின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன ஓட்டையோ இடுக்கோ இருக்கும். இரவில் அடியில் அட்டையை விரித்து வைத்தால் காலையில் கறை சொல்லிவிடும். கறுத்து நீர்த்திருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பிளேட்டில் ஆயில் பட்டால் தேயாத பிளேட்டும் வழுக்கும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுசும் அதே கதிதான்.

8. சத்தத்தைக் கேளுங்கள்

நியூட்ரலில், எஞ்சின் ஐடிலில், ஜன்னலை ஏற்றிவிட்டு உட்காருங்கள். பெடலில் கால் வைக்காதபோது உறுமல் கேட்டு, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங். லேசாக மிதித்ததும் கீச்சென்றோ சரசரவென்றோ தொடங்கினால் ரிலீஸ் பேரிங். முழுதாக மிதிக்கும்போது மட்டும் வந்தால் பைலட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஏனென்றால் பெடலை மிதித்துக் கிளட்ச் பிரிந்திருக்கும்போதுதான் அந்த பேரிங்குக்கு வேலை.

9. கிளம்பும்போது உதறினால்

முதலில் எஞ்சின் மவுன்ட்டையும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்டையும் பாருங்கள். மவுன்ட் ரப்பர் கிழிந்த வண்டி, கிளட்ச் கெட்ட வண்டி போலவே உதறும். இரண்டும் நன்றாக இருந்தால் பிளேட்டில் ஆயில், அல்லது சூட்டில் நீலம் பாரித்த ஃப்ளைவீல்.

10. கியர் பாக்ஸை இறக்குவது என்று முடிவானால்

இறக்கி ஏற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான். ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் பைலட் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். ஃப்ளைவீலில் வரி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்து, பரப்பைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கத்தான் பலர் பார்க்கிறார்கள், பிறகு புது பிளேட்டும் உதறுகிறது என்று வருகிறார்கள்.

சாமான் வாங்க ஜே.சி. ரோடு போகும்போது பழைய பிளேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கும். கடை கவுன்ட்டரிலேயே இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து விட்டத்தைப் பாருங்கள், நடு ஓட்டையின் பற்களை எண்ணுங்கள். ஷெட்டில் போய்ப் பொருந்தவில்லை என்று தெரிந்தால் ஒரு நாள் போய்விடும்.

பூட்டிய பிறகு 500 கிலோமீட்டர் வரை ஊருக்குள் மென்மையாக ஓட்டுங்கள். பெடலைப் பாதி மிதித்த ஹாஃப் கிளட்சில் ஏற்றத்தில் நிற்க வேண்டாம். கேபிள் வண்டி என்றால் ஒரு வாரம் கழித்து ஃப்ரீ ப்ளேயை மறுபடி அளந்து பாருங்கள், புது கேபிள் கொஞ்சம் நீளும்.

11. பாதையையும் கணக்கில் எடுங்கள்

பல பாதைகளில் கடின ஏற்றம் திரும்பி வரும்போதுதான் வரும். சேலம் போகும்போது தொப்பூர் இறக்கம். வீடு திரும்பும் நாளில் அதுவே ஏற்றம். சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம் இறங்குபவர்களுக்கும் திம்பத்தின் 27 வளைவுகள் திரும்பும்போதுதான் ஏற்றமாக வரும். போகும்போது சரியாக இருந்தது என்பதை வைத்து முடிவுசெய்யாமல், திரும்பும் நாள் காலையிலும் படி 3-ஐயும் டப்பா அளவையும் ஒரு முறை பாருங்கள். பந்திப்பூர் வழி என்றால் இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலை மூடியிருக்கும். கிளட்ச் வாடை அடித்தால் ஆறவைக்க நிறுத்தும் நேரத்தையும் சேர்த்து, முன்னதாகவே கிளம்புங்கள்.

கையோடு ஒரு உபரி கேபிள், அல்லது அரை லிட்டர் சீல் பிரிக்காத பிரேக் ஆயில், கூடவே ஏர் எடுக்க ஒரு ஸ்பேனரும் ரப்பர் குழாயும் இருக்கட்டும். வழியில் பெடல் முழுதாகப் போய்விட்டால், சமதளத்தில் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, செல்ஃப் அடித்தால் வண்டி உதறலோடு நகரும். முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாலையோரம் பத்திரமாக ஒதுங்க மட்டும் இதைச் செய்யுங்கள். அங்கிருந்து மலை ஏற முயலாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.